முதல் கையில் ஏழு

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பல்லாங்குழிப் பலகை இருக்கிறதா? ஏணி போட்டு ஏறிப் பார்க்க வேண்டாம், இருக்கும். உங்கள் அம்மா கல்யாணத்தில் சீரோடு சீராக வந்ததாக இருக்கலாம். பாட்டி காலத்துப் பலகையாகவும் இருக்கலாம். காய்கள் மட்டும் பாதி காணாமல் போயிருக்கும். அதனால் என்ன? புளியங்கொட்டை எந்த வீட்டில் இல்லை?

சரி, பலகை இருக்கிறது. ஆடத் தெரியுமா? "ஓ, தெரியுமே!" என்கிறீர்கள். அதையும் ஒப்புக்கொள்கிறேன். இப்போது மூன்றாவது கேள்வி. இந்த ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தே இராத ஒருத்திக்கு, அவள் பக்கத்தில் உட்காராமல், கையைப் பிடித்துக் காட்டாமல், வெறும் தாளில் எழுதியே உங்களால் சொல்லிக்கொடுக்க முடியுமா?

முடியும் என்றுதான் நானும் நினைத்தேன். அந்தக் கதையைக் கேளுங்கள்.

என் மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். அவள் பெண்ணுக்கு ஒன்பது வயது. கோடை விடுமுறைக்குத் தஞ்சாவூர் வந்தவள் ஊருக்குக் கிளம்புகிற அன்று பரணிலிருந்து இறங்கிய பலகையைப் பார்த்துவிட்டாள். விமானத்துக்கு நேரமாகிவிட்டது, சொல்லிக்கொடுக்க அவகாசமில்லை. "எடுத்துப் போ, கண்ணு! எப்படி ஆடுவது என்று அம்மாயி எழுதி அனுப்புகிறேன்" என்று பெருமையாகச் சொல்லி அனுப்பினேன். (எங்கள் பக்கத்தில் அம்மாவைப் பெற்றவள் அம்மாயி, அப்பாவைப் பெற்றவள் அப்பாயி.)

மறுநாளே எழுதினேன். நாலே நாலு வரி. "ஒரு குழியிலிருந்து காய்களை எடுத்து, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். காய் தீர்ந்ததும் அடுத்ததை எடுத்து மறுபடியும் போட வேண்டும். வெறுங்குழி வந்தால் துடைத்து எடுத்துக்கொள்ளலாம். நாலு சேர்ந்தால் பசு." இதைவிடத் தெளிவாக யாரால் எழுத முடியும் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

இரண்டு நாள் கழித்துக் கைபேசியில் அவள் முகம் வந்தது. பின்னால் அவளுடைய மலாய்ச் சிநேகிதி ஒருத்தி. இருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

"அம்மாயி, எந்தக் குழியிலேருந்து எடுக்கணும்? என்னுதா, அவளுதா?"

"உன்னுதுதான். எதிராளி குழியில் யாராவது கை வைப்பார்களா?"

"நீங்க எழுதலையே. எந்தப் பக்கமாப் போடணும்?"

அதையும் எழுதவில்லை.

"அஞ்சு தடவை எடுத்துப் போட்டுட்டேன், அம்மாயி. கடைசிக் காய் ஒரு வெறுங்குழியிலே விழுந்துடுச்சு. இப்போ நான் எதைத் துடைக்கணும்?"

கடைசிக் காய் வெறுங்குழியில் விழுந்தால் துடைக்கிற வழக்கமே எங்கள் வீட்டில் கிடையாதே! எங்கே தப்பு என்று எனக்குப் புரியவில்லை. மெதுவாக விசாரித்தால் விஷயம் வெளியே வந்தது. மலாய்க்காரர்களிடம் நம் பல்லாங்குழிக்கு ஒன்றுவிட்ட சகோதரி மாதிரி ஓர் ஆட்டம் இருக்கிறது. சொங்காக் என்று பெயர். அதில் கடைசிக் காய் விழுந்த குழியில் ஏற்கெனவே காய் இருந்தால், அந்தக் குழியையே அள்ளிக்கொண்டு மேலே போவார்கள். நம் ஆட்டத்தில் அப்படியல்ல. கடைசிக் காய் விழுந்த குழியை விட்டுவிட்டு அதற்கு அடுத்த குழியைத்தான் அள்ள வேண்டும். நான் எழுதியிருந்தது "அடுத்ததை எடுத்து" என்று. எதற்கு அடுத்தது? அந்தக் குழந்தைகள் தங்களுக்குத் தெரிந்த ஆட்டத்தை வைத்து அர்த்தம் பண்ணிக்கொண்டன. தப்பு அவர்கள் மேல் இல்லை.

சகோதரிகளே, அறுபது வருஷமாக ஆடுகிறேன். ஆனால் என் ஆட்டத்தை என் கைதான் அறிந்திருந்தது. என் பேனாவுக்கு அது தெரியவே தெரியாது.

நம்மில் யாருக்குமே இப்படித்தான். சமையலை எடுத்துக்கொள்ளுங்கள். "கொஞ்சம் உப்பு, கொஞ்சம் புளி, பதமாக வந்ததும் இறக்கு" என்று எத்தனை மாமியார்கள் சொல்லியிருக்கிறார்கள்! எது பதம் என்று தெரிந்தால் அந்தப் பெண் ஏன் கேட்கிறாள்? அதனால்தான் எஸ். மீனாட்சி அம்மாள் 1951-ல் 'சமைத்துப் பார்' எழுதியபோது, அடுப்பையே அறியாமல் புக்ககம் போன பெண்கள் அதை உயிரைப் போலப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். எது எவ்வளவு, எது முதலில், எது பிறகு என்று அந்த அம்மாள் பக்கத்தில் நின்று சொல்லுகிறார். எங்கள் தஞ்சாவூரில் இதற்கும் முந்திய வழக்கம் ஒன்று உண்டு. சரபோஜி மன்னர் காலத்து அரண்மனைச் சமையல் மராத்தியில் எழுதப்பட்டு, 'சரபேந்திர பாகசாஸ்திரம்' என்ற பெயரில் சரசுவதி மகால் நூல்நிலையத்தின் வழியாக நமக்குக் கிடைத்திருக்கிறது.

ஆனால் ஆட்டங்களுக்கு அந்தப் பாக்கியம் எங்கே வாய்த்தது? சதுரங்கத்துக்குப் புத்தகம் உண்டு. அது ராஜாக்கள் ஆடியது. மைசூரில் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் தாமே உட்கார்ந்து பலகை ஆட்டங்களைப் படம் போட்டு எழுதச் செய்தார். பல்லாங்குழியோ பெண்பிள்ளைகள் நடுப்பகலில் ஆடுவது. அதை யார் ஏட்டில் ஏற்றுவார்? தேவநேயப் பாவாணர் 1954-ல் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' என்று ஒரு புத்தகமே எழுதினார். பெரிய மொழியறிஞர், சொல்லாராய்ச்சிக்கு நடுவில் பிள்ளைகள் விளையாட்டுக்கும் நேரம் ஒதுக்கினாரே என்று எனக்கு அவரிடம் தனி மரியாதை. சீமையில் முர்ரே என்பவர் 1952-ல் சதுரங்கம் நீங்கலான பலகை ஆட்டங்களுக்கெல்லாம் சரித்திரம் எழுதினார். குழிகளில் காய் போடும் ஆட்டங்கள் ஆப்பிரிக்காவில் எத்தனை, ஆசியாவில் எத்தனை என்று பார்த்தால் தலை சுற்றுகிறது. பக்கத்து இலங்கையில் சிங்களப் பெண்கள் புத்தாண்டு சமயத்தில் குன்றிமணியை வைத்து ஆடுகிறார்கள். அதற்கு ஒலிந்தா கெலிய என்று பெயர். ஒலிந்தா என்றாலே குன்றிமணிதான்.

அது இருக்கட்டும். என் பேத்தியின் வழக்குக்கு வருவோம்.

என் மகன் வயிற்றுப் பேரன் இங்கே தஞ்சாவூரிலேயே கல்லூரியில் படிக்கிறான். சதா கைபேசியில் சிநேகிதர்களோடு கூட்டமாக ஏதோ ஆடிக்கொண்டிருப்பான். திட்டிப் பிரயோஜனமில்லை என்று விட்டுவிட்டேன். நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "அப்பாயி, நீங்க வழிகாட்டி எழுதத் தெரியாம எழுதியிருக்கீங்க. நாங்க எப்படிக் கத்துக்கறோம்னு பாருங்க" என்று கைபேசியை நீட்டினான்.

மைன்கிராஃப்ட் என்று ஓர் ஆட்டமாம். 2009-ல் சுவீடனில் பிறந்தது. மரம் வெட்டலாம், வீடு கட்டலாம், பத்துப் பேர் சேர்ந்து ஊரே எழுப்பலாம். வேடிக்கை என்னவென்றால், அது வெளிவந்த புதிதில் எப்படி ஆடுவது என்று ஆட்டத்துக்குள் ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லையாம். வெட்டவெளியில் கொண்டுபோய் நிறுத்திவிடும். அந்த உலகத்தில் பகல் பத்தே நிமிஷம், பிறகு இருட்டும், இருட்டினால் பூதங்கள் வரும். ஆடிப் பார்த்தவர்கள்தான், தங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்காகக் கூடி உட்கார்ந்து எழுதினார்கள். இப்படிப் பலபேர் கூடி எழுதி, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஏட்டுக்குத்தான் விக்கி என்று பெயர். ஹவாய்த் தீவில் அந்தச் சொல்லுக்கு 'சீக்கிரம்' என்று அர்த்தம். 1995-ல் வார்ட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்கர் முதல் விக்கியைத் தொடங்கியபோது, ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய பஸ்ஸின் பெயரைத்தான் வைத்தாராம். நம்மூர் ஆளாயிருந்தால் ஏதாவது சாமி பெயர் வைத்திருப்பார்!

பேரன் காட்டிய பக்கத்தைப் படித்துக் காட்டச் சொன்னேன். புதிதாக வந்தவனுக்கு அது என்ன சொல்லுகிறது தெரியுமா? அந்த ஆட்டத்தின் மகிமையைப் பற்றிப் பேச்சே இல்லை. முதலில் மரத்தை வெட்டு, இருட்டுவதற்குள் ஒண்டிக்கொள்ள ஓர் இடம் பண்ணிக்கொள்: முதல் நாள் உயிரோடு தப்புவதற்கு எது வேண்டுமோ அது மட்டும். மற்ற வித்தையெல்லாம் பிறகு, வேறு வேறு பக்கங்களில். "எழுதினவனுக்கு எவ்வளவோ தெரியும் அப்பாயி. ஆனா முதல் பக்கத்திலே அதையெல்லாம் காட்டிக்க மாட்டான்" என்றான் பேரன்.

இந்தப் பிள்ளையிடம் இவ்வளவு புத்தி இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே பலகைக்குப் பதில் தரையில் சாக்கட்டியால் பதினாலு வட்டம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு காய் போடுவது, அதை எழுதுவது. மறு காய் போடுவது, அதை எழுதுவது. ஒரு மணி நேரம் ஆயிற்று. இதோ அதைப் படியுங்கள். ஆடத் தெரிந்தவர்களும் தாண்டிப் போய்விடாதீர்கள், காரணம் இருக்கிறது.

'எதிராளியைவிட அதிகக் காய் சேர்ப்பவர் ஜெயித்தவர். பலகையை உங்கள் இருவருக்கும் நடுவில் நீளவாட்டில் வை. உன் பக்கம் ஏழு குழி உன்னுடையது. எதிர்ப் பக்கம் ஏழும் அவளுடையது. உன் இடது கைப் பக்கத்துக் கடைசிக் குழிக்கு 1 என்று பெயர். வலப்பக்கமாக எண்ணிக்கொண்டு போனால் உன் கடைசிக் குழி 7. அதற்கு நேர் எதிரே அவள் பக்கத்தில் இருப்பது 8. அங்கிருந்து இடப்பக்கமாகத் திரும்பி வந்தால், 1-க்கு நேர் எதிரே 14. அதற்குப் பிறகு மறுபடியும் 1. எப்போதும் இந்தச் சுற்றில்தான் காய் போட வேண்டும். ஒவ்வொரு குழியிலும் ஐந்து காய் வை. மொத்தம் 70.

உன் பக்கத்துக் குழி ஒன்றிலிருந்து எல்லாக் காயையும் அள்ளு. 1-ஐ அள்ளுகிறாய் என்று வைத்துக்கொள். 2 முதல் 6 வரை ஒவ்வொரு காயாகப் போடு; கை காலியாகும். கடைசிக் காய் விழுந்தது 6-ல். அதைத் தொடாதே. அதற்கு அடுத்த குழியான 7-ல் இருப்பதை அள்ளு. அந்த ஐந்தும் 8 முதல் 12 வரை போகும். அடுத்தது 13, அதை அள்ளிப் போட்டால் 4-ல் வந்து முடியும். அடுத்தது 5, அதில் இப்போது ஆறு காய் இருக்கும். அதைப் போட்டால் 11-ல் முடியும். அடுத்தது 12, அதிலும் ஆறு. போட்டுக்கொண்டு வந்தால் மறுபடி 4-ல் முடியும். இப்போது அடுத்த குழியான 5-ஐப் பார். காலி! இப்படி எடுக்க வேண்டிய குழி காலியாக இருந்தால், அதை விரலால் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை நீயே எடுத்துக்கொள். 6-ல் ஏழு காய் இருக்கும். அது உன் சம்பாத்தியம். உன் கை முடிந்தது. இனி அவள் கை. துடைத்த குழிக்கு அடுத்ததும் காலியாக இருந்தால் உனக்கு ஒன்றும் கிடையாது, கை மாறிவிடும்.'

அவ்வளவுதான். பசுவைப் பற்றி முதல் பக்கத்தில் மூச்சு விடவில்லை.

எழுதி முடித்தபிறகு ஓர் ஆச்சரியம் கண்ணில் பட்டது. முதல் கையில் 1-ஐ எடுத்தாலும் சரி, 4-ஐ எடுத்தாலும் சரி, 7-ஐ எடுத்தாலும் சரி, கிடைப்பது ஏழே ஏழு காய்தான். எல்லாக் குழியிலும் ஐந்தைந்து இருக்கும்போது எங்கே தொடங்கினால் என்ன, சுற்று ஒன்றுதானே! அறுபது வருஷம் ஆடியும் இதை நான் கவனித்ததில்லை. உடனே அந்தத் தாளின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்: 'முதல் கையில் உனக்கு ஏழு காய் கிடைத்தால் நீ சரியாக ஆடுகிறாய். ஏழு கிடைக்காவிட்டால் நான் சரியாக எழுதவில்லை, டெலிபோன் பண்ணு.'

நீங்களே தரையில் வட்டம் போட்டுப் பார்த்துவிடுங்கள். அந்தப் பக்கம் குழந்தை தனியாக உட்கார்ந்திருக்கிறது. தான் செய்வது சரியா தப்பா என்று அதற்கு யார் சொல்லுவார்கள்? பக்கத்தில் பாட்டி இருந்தால் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளும். தாளுக்கு முகம் கிடையாதே! தோசை வார்க்கச் சொல்லிக்கொடுக்கும்போது, "ஓரம் தானாக எழும்பினால் திருப்பு" என்று சொல்லுகிறோமே, அந்த மாதிரி ஓர் அடையாளம் எங்கேயாவது வைத்துவிட வேண்டும்.

இதைப் படித்த என் சம்பந்தி அம்மாள் கும்பகோணத்துக்காரர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "குழிக்கு ஆறு காய் இல்லையா போடுவாங்க? அஞ்சுன்னு எழுதியிருக்கீங்களே, சம்பந்தி!" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "எங்கள் வீட்டில் ஐந்துதான்" என்றேன். "எங்க வீட்டிலே நாலு தலைமுறையா ஆறுதான்" என்றார். காபி ஆறிப் போகும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. கடைசியில் பேரன்தான் காயைக் கொட்டி ஆறாறாகப் போட்டான். 1-ஐ அள்ளினான், 7-ல் முடிந்தது. 8-ஐ அள்ளினான், 14-ல் முடிந்தது. அடுத்தது 1, காலி. துடைத்துவிட்டு 2-ஐ எடுத்தான். எண்ணினால், ஏழு!

ஐந்து போட்டால் ஐந்து தடவை அள்ளி ஏழு. ஆறு போட்டால் இரண்டே தடவை அள்ளி ஏழு. சம்பந்தி அம்மாள் முகத்தில் வெற்றிப் புன்னகை. என் முகத்திலும்தான்.

"விக்கியிலேயும் இந்தச் சண்டை வரும் அப்பாயி" என்றான் பேரன். "ஒருத்தன் எழுதினதை இன்னொருத்தன் அழிச்சு எழுதுவான், அவன் மறுபடி அழிப்பான். அப்புறம் பேச்சுப் பக்கம்னு ஒண்ணு இருக்கு, அங்கே போய்ப் பேசித் தீர்த்துக்குவாங்க." ஆக, காபி ஆறுகிற இடம் அங்கேயும் இருக்கிறது! நான் தாளில் 'இது பாபநாசம் பக்கத்து வழக்கம். கும்பகோணத்தில் எங்கள் சம்பந்தி வீட்டில் ஆறு' என்று எழுதிச் சேர்த்தேன். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் எந்த வீட்டுச் சட்டம் என்று சொல்லாமல் விட்டால், நாளைக்கு இரண்டு குழந்தைகள் காயைக் கொட்டிவிட்டு எழுந்து போய்விடும்.

பசு விவகாரம் இன்னும் மோசம். போட்டுக்கொண்டே போகும்போது ஒரு குழியில் சரியாக நாலு காய் சேர்ந்தால் அது பசு, உடனே எடுத்துக்கொள்ளலாம். யார் எடுத்துக்கொள்வது? குழிக்குச் சொந்தக்காரரா, நாலாவது காயைப் போட்டவரா? எங்கள் வீட்டில் குழி யாருடையதோ, பசு அவருடையது. அடுத்த தெருவில் போட்டவருக்குத்தான் பசு. இதற்காகப் பேச்சு வார்த்தை அற்றுப்போன நாத்தனார் அண்ணிகளை எனக்குத் தெரியும். ஆகையால் பசுவை இரண்டாம் தாளில் வைத்தேன், ஊர்ப் பெயரோடு.

மூன்றாம் தாளில், ஓர் ஆட்டம் முடிந்ததும் அவரவர் சம்பாதித்த காயைக் கொண்டு மறுபடியும் குழிக்கு ஐந்தாக நிரப்புவது, நிரப்ப முடியாத குழியைச் சும்மா விட்டுவிட்டு ஆடுவது எல்லாம். தோற்றவளிடம் ஒரு குழிக்குக்கூடக் காய் போதாமல் போனால், இருப்பதைக் குழிக்கு ஒன்றாகப் போட்டு ஆடுவாள். அதற்குக் 'கஞ்சி காய்ச்சுதல்' என்று பெயர். அரிசி தீர்ந்த வீட்டில் வேறு என்ன செய்வார்கள்? நெல் விளைகிற சீமையிலும் கஞ்சி தெரியாமல் இல்லை. பங்குனி சித்திரையில் ஆறு வறண்டு, மேட்டூர்த் தண்ணீருக்கு வாய்க்கால் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதங்களில்தான் எங்கள் திண்ணைகளில் இந்த ஆட்டம் அதிகம் நடந்தது. கஞ்சி காய்ச்சினவள் சில சமயம் அதிலிருந்து ஏறி வந்து ஜெயித்தும் விடுவாள். அந்தச் சந்தோஷத்தை எழுத எனக்கு வராது. அதை ஆடித்தான் பார்க்க வேண்டும்.

பேரன் இவற்றையெல்லாம் தட்டச்சுச் செய்துகொண்டிருக்கிறான். தமிழ் விக்கிப்பீடியா 2003-லிருந்து நடக்கிறது. அதில் பல்லாங்குழிக்கு ஒரு பக்கம் ஏற்கெனவே உண்டு. ஆனால் அது கலைக்களஞ்சியம். அச்சில் வந்த ஆதாரம் கேட்பார்கள். பாவாணர் சொன்னார் என்றால் செல்லும்; அம்மாயி சொன்னாள் என்றால் செல்லாது. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. யோசித்துப் பார்த்தால் அதுவும் நியாயமே. ஆளாளுக்குப் 'எங்கள் பாட்டி சொன்னாள்' என்று கிளம்பிவிட்டால் என்ன ஆவது? கைப்பழக்கம் சொல்லிக்கொடுக்கிற பாட நூல்களுக்கு விக்கிநூல்கள் என்று தனியாக ஒரு வீடு இருக்கிறதாம். அங்கே கொடுக்கலாம் என்கிறான்.

இப்போது நான் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த விஷயம்.

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் எனக்கு ஒரு சின்னம்மா இருந்தார். பல்லாங்குழியில் அவருக்குத் தெரியாத வகை கிடையாது: பசுப் பாண்டி, காசிப் பாண்டி, ராஜா பாண்டி என்று அடுக்குவார். இந்த நோட்டுப் புத்தகம் தொடங்கியதும், 2021 தை மாதம் அவரிடம் போனேன். எண்பத்தாறு வயது. கண் மங்கிவிட்டது. ஆனால் பலகையை மடியில் வைத்ததும் விரல்கள் குழிகளைத் தேடிக்கொண்டு ஓடின.

"சின்னம்மா, ராஜா பாண்டி எப்படின்னு சொல்லுங்க. எழுதிக்கறேன்" என்றேன்.

"சொல்றதாவது! கையைப் பாருடி" என்றார்.

"கை எழுத்திலே வராதே, சின்னம்மா."

சிரித்தார். பிறகு மெள்ள மெள்ளச் சொன்னார். மற்ற ஆட்டமெல்லாம் இரண்டு பேருக்கு. ராஜா பாண்டி மூன்று பேருக்கு. நடுவில் உட்காருகிறவள் ராஜா. இரு பக்கமும் இரண்டு மந்திரிகள். நடுக் குழிகள், இந்த வரிசையில் மூன்றும் எதிர் வரிசையில் மூன்றும் ஆக ஆறு, ராஜாவுக்கு. இரண்டு ஓரத்திலும் மிஞ்சுகிற நாலு நாலு குழிகள் மந்திரிகளுக்கு. இவ்வளவு எழுதிக்கொண்டேன். ராஜாவின் காய் எந்தப் பக்கமாகப் போகும் என்று கேட்டபோது, சின்னம்மா ஒரு கை அள்ளினார், போட்டார், நின்றுவிட்டார். "மூணாவது ஆள் இல்லாம எனக்கு ஓட மாட்டேங்குது. அறுப்பு முடியட்டும், உன் தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு வா. மூணு பேரா உக்காந்து ஆடுவோம். அப்ப எழுதிக்க" என்றார்.

அறுப்பு முடிந்தது. தங்கைக்கு மூட்டு வலி. எனக்கு வீட்டில் விருந்தாளிகள். மாசி மகத்துக்கு மறு வாரம் போகலாம் என்று வைத்திருந்தோம். அதற்குள் சின்னம்மா போய்விட்டார். காரியத்துக்குத்தான் போனோம். பலகை கூடத்து மூலையில் சுவரோரமாக நிமிர்த்தி வைத்திருந்தது.

என் நோட்டில் 'ராஜா பாண்டி' என்ற தலைப்புக்குக் கீழே பதினோரு வரி இருக்கிறது. மிச்சப் பக்கம் வெள்ளை.

போன வாரம் சிங்கப்பூரிலிருந்து அழைப்பு. எடுத்ததும் ஒரு கூச்சல்: "அம்மாயி, ஏழு! ஏழு வந்துடுச்சு!" பின்னாலேயே அந்த மலாய்ப் பெண்ணும் தமிழில் "ஏழு! ஏழு!" என்று கத்துகிறாள். இரண்டு பேரும் அன்று சாயங்காலம் நாலு ஆட்டம் ஆடினார்களாம். சிநேகிதி மூன்றில் ஜெயித்தாளாம். பிறகு ஒரு சந்தேகம் வந்தது.

"அம்மாயி, அவ தங்கச்சியும் ஆடணும்னு அழறா. மூணு பேர் ஆடலாமா?"

"ஆடலாம், கண்ணு" என்றேன். "இரு, எழுதி அனுப்புகிறேன்."

சொல்லிவிட்டேன். இப்போது என்ன செய்வது? மன்னார்குடி, நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாருக்காவது ராஜா பாண்டி ஆட வருமா என்று கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். இரண்டு பேர் அகப்பட்டால் போதும். மூன்றாவது ஆளாக நான் வந்து உட்காருகிறேன். நோட்டும் பேனாவும் என்னிடம் இருக்கின்றன.